டைப்பிஸ்ட் சொன்ன நந்தி

அந்த உள்ளங்கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில் ஆவி பறக்கும் மஞ்சள் நாடாக்கள், தட்டுக்கு மேலே கவிந்த ஒரு மெலிந்த கை. பரிமாறுகிறவர் துருவிய சீஸ் கிண்ணத்தோடு குனிந்தபோது, எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் தட்டை அப்படி மூடிக்கொண்டு "நந்தி" என்றாள். நன்றி என்ற சொல்தான் அவள் வாயில் அப்படி வந்தது. போதும், வேண்டாம் என்று அர்த்தம். பரிமாறுகிறவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு இருந்த புத்திகூட எனக்கு இல்லாமல் போனது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்குப் பிறந்து, எப்படியோ இங்கிலீஷ் படித்து, மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். கடிதங்களை எழுதுவது நான், டைப் அடிப்பது அவள். காஜா பெராங்கிலிருந்து நடந்தே வருவாள். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாரோங் கெபாயா, நெற்றியில் திருநீறு. எத்தனையோ தலைமுறையாக அந்த ஊரிலேயே இருக்கும் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். சாமி பெயர்களும் பூஜைச் சொற்கள் சிலவும்தான் அவர்களிடம் மிஞ்சியிருந்த தமிழ். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தினம் ஒரு தமிழ் வார்த்தை சொல்லித் தரும்படி அவளாகத்தான் கேட்டாள். நானும் பெரிய பண்டிதன் மாதிரி ஆரம்பித்தேன்.

எல்லா வார்த்தையும் வந்தது, நன்றி மட்டும் வரவில்லை. அந்த 'ன்றி'யில் அவள் நாக்கு வழுக்கிவிடும். "நந்தி கோயில்ல சிவனுக்கு முன்னால உக்காந்திருக்கு, மிஸ். அதை ஏன் ஆபீசுக்கு இழுத்துட்டு வர்றீங்க?" என்று நான் சீண்டுவேன். "கிராணி வாய் பெரிசு" என்பாள். மலாயில் வாயாடியைச் சொல்வதை அப்படியே தமிழாக்கிவிடுவாள். மரியாதை விகுதி எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. கிராணி வா, கிராணி உக்காரு என்றுதான் பேசுவாள். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் கூப்பிட்டால் அன்றைக்கு முழுதும் வேலை ஓடாது. ஆசைப்பட்டேன், வேறென்ன சொல்ல. கூடவே ஒரு பயமும் இருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து வந்தவனை அந்தப் பழைய குடும்பம் ஏறெடுத்துப் பார்க்குமா?

சுதந்திரம் வந்ததும் துரை ஆபீசை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் இத்தாலிக்காரர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர், மனைவியோடு கரையிறங்கி, கடலோர பங்களா ஒன்றில் நடத்தி வந்த இடம். துரைமார்களும் தவுக்கே எனப்படும் பெரிய சீன முதலாளிகளும் கார் வைத்துக்கொண்டு போவார்கள். நான் இரவல் டை கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க என்னிடம் தமிழில்தான் பேசுவேன் என்று அவள் பந்தயம் கட்டியிருந்தாள்.

சாப்பாட்டு அறை ஓரத்திலேயே பளிங்கு மேசை போட்டு, இத்தாலிக்காரரின் மனைவி எல்லோரும் பார்க்க மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். கோதுமை மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, கைநீளக் கட்டையால் தேய்க்கத் தேய்க்க மாவு வேட்டி மாதிரி விரிந்தது. அதை மடித்துக் கத்தியால் சீவி விரலால் உதறினார். நாடா நாடாவாக விழுந்தது. டைப்பிஸ்ட் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த வருஷம் அவளுடைய அம்மா இறந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, "எங்க அம்மா லக்சா மாவு இப்படித்தான் பிசையும்" என்றாள். குழம்பு ஊற்றிச் சாப்பிடும் ஊர் நூடுல்ஸ்தான் லக்சா.

தட்டு வந்ததும் என் மானம் போயிற்று. முள்கரண்டியில் சுற்றினால் நழுவியது, தூக்கினால் சட்டையில் விழுந்தது. வாயில் போட்டதோ இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று தோன்றியது. இத்தாலியில் அப்படித்தான் தின்பார்களாம், துரை சொன்னார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கரண்டியைத் தட்டின் ஓரத்தில் ஊன்றி மெதுவாகச் சுழற்றிக் காட்டினாள். அப்போதுதான் சீஸ் கிண்ணம் வந்தது. அவள் தட்டை மூடி நந்தி என்றதும் அப்போதுதான். சற்று நேரத்தில் துரை இத்தாலிக்காரரிடம் விடைபெற உள்ளே போனார்.

இதை விட்டால் வேறு நேரம் இல்லை என்று பட்டது. வெளியே சாலையில் ஏதோ ஊர்வலத்தின் மேளம். ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "மிஸ், எங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரலாமா?"

அவள் முகம் சிவந்தது. தட்டைப் பார்த்தாள். கையை மெல்ல உயர்த்தி "நந்தி" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துரை சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

சீஸுக்குச் சொன்ன அதே சொல், அதே கை. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் யாரையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்திருக்கிறேன். மறுநாள் முதல் தமிழ் வகுப்பு நின்றது. கோப்புகளை மேசையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் வந்துவிடுவேன். அவள் பேச்சுக் கொடுத்தாலும் காதில் வாங்காதவன் போல இருந்தேன். மூன்றே வாரத்தில் பினாங்கில் வேலை தேடிக்கொண்டேன். கடைசி நாள் படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து கேட்டாள்.

"கிராணி, எப்ப வரும்?"

"இனி எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

பினாங்கில் கல்யாணம் ஆயிற்று. ஒரு மகள். என் மனைவி நல்லவள், அவளைக் குறை சொன்னால் என் வாய் அழுகும். அவள் காலமாகி, நானும் ஓய்வு பெற்று, மகளுக்கு மலாக்காவில் வேலை கிடைத்த பிறகுதான் இந்த ஊருக்கு மறுபடி வந்தேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை ஒன்றில் ஒருநாள் வேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். நீங்கள் அந்தக் கிராணிதானே என்று மலாயில் கேட்டார். டைப்பிஸ்டின் தங்கை. அக்கா சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்து, இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார். "அக்காதான் நந்தி என்று சொன்னாளே. நீங்கள் ஏன் போனீர்கள்?"

மலாயில் நந்தி என்றால் பொறு, பிறகு என்று அர்த்தம். நாளுக்கு நூறு தடவை நானே சொல்கிற சொல். பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோர்களுக்கு அவர்கள் வீட்டில் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். அம்மா இறந்து வருகிற முதல் பார்ச்சு முடியாமல் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாதாம். நந்தி, லெப்பாஸ் பார்ச்சு. பொறு, பார்ச்சு ஆகட்டும். அவ்வளவுதான் அவள் சொல்ல வந்தது. முகம் சிவந்த அவசரத்தில் தமிழ் மறந்து, வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. நானோ அவளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழிலேயே அதைக் கேட்டேன்.

தங்கை இன்னொன்றும் சொன்னார். உங்கள் அப்பா அம்மா வந்தால் காப்பி கொடுக்கவென்று அக்கா புதிதாக ஆறு கோப்பை வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தினமும் தமிழில் ஒன்றையே சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். எனக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் மட்டும் நினைவிருக்கிறது என்றார். சொல்லிக் காட்டினார்.

"வாங்க, உக்காருங்க."

அந்தக் கடையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, வயது பார்க்காமல் அழுதேன்.

போன வாரம் என் பிறந்தநாளுக்கு மகள் ஆற்றோரத்தில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போனாள். "எல்லாம் கையாலேயே செய்றாங்கப்பா" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். தட்டு வந்தது, அதே மஞ்சள் நாடாக்கள். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுழற்றினேன். ஒரு இழைகூட நழுவவில்லை. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பரிமாறும் மலாய்ப் பெண் சீஸ் கிண்ணத்தோடு வந்து குனிந்தாள். என்னை அறியாமல் என் கை தட்டை மூடியது. "நந்தி" என்றேன்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் பொறுக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். தலையாட்டிவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு நிக்குது பாருங்க" என்றாள் மகள்.

நிமிர்ந்து பார்த்தேன். நான் எப்போது சொல்வேனோ என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.