எல்லாவற்றிலும் பெரிய சைஸ் எஸ்

எம்.சி.ஏ.வைத் தபாலில் படித்தேன். பகலெல்லாம் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. மற்ற பேப்பரெல்லாம் தேறியாயிற்று. ஃபங்ஷனல் புரோகிராமிங் செய்முறைத் தேர்வு மட்டும் இரண்டு தடவை ஊத்திக்கொண்டது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குள், பொண்ணு எம்.சி.ஏ. என்று சொல்லியே அப்பா எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார். பத்திரிகை அச்சுக்குப் போகாமல் என் ரிசல்ட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

மூன்றாவது தடவை வந்த கேள்வி சப்பையானதுதான். ஏதாவது இரண்டு பட்டியல்களை ஒன்றாக ஒட்டு, அதில் பெரியது எது என்று கண்டுபிடி. எனக்குத் தெரிந்தது பனியன் சைஸ்தானே? உள்ளூர் பனியனுக்கு 85, 90, 95, 100. எக்ஸ்போர்ட்டுக்கு எஸ், எம், எல். ஒட்டினேன். டைப் எரர்! ஒன்றில் இருப்பது எண், மற்றதில் இருப்பது எழுத்து, சேராது என்றது கம்ப்யூட்டர். அடச்சீ, எங்கள் குடோனில் இரண்டும் ஒரே அலமாரியில்தானே கிடக்கிறது, உனக்கென்ன நோவு? அடைப்பை மாற்றினேன், குறியை மாற்றினேன். மறுபடி அதே பாட்டு. எனக்கு வந்த எரிச்சலில் எண்களுக்கும் மேற்கோள் குறி போட்டு எழுத்தாக்கிவிட்டேன். கப்சிப். ஒட்டிக்கொண்டது.

தேர்வாளர் வந்து நின்றார். "பெரிய சைஸ் எதுன்னு கேளுங்க பாக்கலாம்."

கேட்டேன். எஸ் என்றது.

எஸ்ஸாம்! எழுத்தாக்கிய பிறகு அதற்கு அளவு ஏது? அகராதி வரிசையில் கடைசியில் வருவதுதான் பெரியது.

"நீங்க திருப்பூருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"மொதல்ல இது தகராறு பண்ணலீங்களா?"

"பண்ணுச்சுங்க. நாந்தான் வாயை அடைச்சுப்போட்டனுங்க."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ரிசல்ட்டில் ஃபெயில். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அது ஒழுங்காகத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்று நினைக்க நினைக்க என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அப்பா பத்திரிகை மாதிரியோடு வந்தார். "எம்.சி.ஏ.ன்னே போட்டரலாங் கண்ணு. ஆரு வந்து கேக்கப்போறாங்க?"

"ஆரும் கேக்கமாட்டாங்கப்பா. அதனாலதான் வேண்டாங்கறேன். பி.எஸ்சி.ன்னே போடுங்க. மாப்ள ஊட்டுக்கு நானே சொல்லிப்போடறேன்."

நான் அழுதுகொண்டே போனை எடுத்தேன்.