அப்பா ஏலத்தில் விட்ட சேவல்

எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்தார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். விற்றதைவிட இரவல் கொடுத்ததுதான் அதிகம். கல்யாண வீடு, துட்டி வீடு, ஆடித் தபசுக்கு மோர்ப்பந்தல் போடுகிறவர்கள், எல்லோருக்கும் எங்கள் அண்டாதான். வாடகை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், "கர்த்தர் கணக்கு வச்சுக்கிடுவாரு" என்பார். கர்த்தர் வைத்தாரோ இல்லையோ, அம்மா வைத்திருந்தாள். என் கல்யாணத்துக்குச் சோறு பொங்க வீட்டில் ஒரு அண்டா இல்லை. அடுத்த தெருவில் போய்க் கெஞ்சி வாங்கி வந்து கவிழ்த்துப் பார்த்தால், அடியில் எங்கள் கடைப் பெயர்.

போன வருஷம் அப்பா இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய வயது. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவருடைய தாராளத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு சேவல்.

வெள்ளைச் சேவல். அம்மா குஞ்சிலிருந்து வளர்த்தது. அம்மாவைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் கொத்தும். வீடு சந்திக்க வந்த போதகரையே நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட சேவலை, நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸானதற்கு நன்றியாக, அப்பா அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை நேர்ந்துவிட்டார். வீட்டில் இரவல் போகாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் கணக்கில் பாஸாவேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வெறுங்கூட்டைத் திறந்து பார்த்து அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

எங்கள் சபையில் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், எலுமிச்சை மூட்டை, சரிந்துபோன கேக், எல்லாம் போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா எப்போதும் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காருவார். வாய் திறந்து விலை கேட்கிற வழக்கம் இல்லை. விரலைத் தூக்குவார், ஏலம் விடுகிறவர் தொகையைச் சொல்லுவார். அம்மா முன்னால் பாயில், முக்காட்டுக்குள். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். சபைக்குள் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்வதைக்கூட உதட்டோடு நிறுத்திக்கொள்வாள்.

சேவலைத் தூக்கிக் காட்டினார்கள். அது தூக்கியவர் கையைக் கொத்தியது. விலை சொன்னார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு விரல் எழுந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து, "நான் எடுக்கேன்" என்று ஒரு குரல் விலையை ஏற்றிக் கேட்டது.

பாடகர் குழுவில் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. வேண்டாம் என்று அம்மாவுக்குத் தலையை ஆட்டிக் காட்டினேன். அவள் அதை "விடாதே" என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஏற்றினாள். விரல் எழுந்தது. குரல் ஏறியது. ஏலம் விட்டவருக்கு இருவரையும் நன்றாகத் தெரியும். கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்ததும் தெரியும். அவர் பாட்டுக்கு முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். போதகர் பாமாலைப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கினார். ஒரு ஆட்டின் விலையைத் தாண்டியபோது அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். முக்காடு தோளில் கிடந்தது. "எவரு கேட்டாலும் சரி, அதுக்கு மேல நான் தாரேன்!"

விரல் இறங்கியது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

வீட்டுக்கு வந்ததும் சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி அம்மா மௌனவிரதத்தை முடித்தாள். "தூணுக்குப் பின்னால ஒரு கிறுக்கன் விடாம ஏத்துனான். யாருங்க அவன்?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நாந்தான்."

"பொண்டாட்டி குரலு தெரியாதா ஒங்களுக்கு?"

"கூட்டத்துல யாருன்னு பிடிபடல."

பணம் அப்பாவின் பையிலிருந்துதான் போனது. ஓடு மாற்றினார்கள். மழை பெய்யும்போதெல்லாம் சபையார் எங்கள் சேவலை நினைத்துக்கொண்டார்கள். அம்மாவோ அன்று திறந்த வாயை மூடவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் நடத்தினாள், வேதபாடம் வாசித்தாள், ஒரு தடவை பிரசங்கம் நீளமென்று போதகரிடமே சொன்னாள். அப்பாவைப் பொண்டாட்டி குரல் தெரியாத மனுஷன் என்று ஊரே கேலி செய்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் நானும் அதையே சொல்லிச் சீண்டினேன். அடுப்படியில் அம்மா யாரையோ போனில் விரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, அவ குரலு எனக்குத் தெரியாதா? அவளுக்காவ சேவல எடுக்கத்தான் வெரலத் தூக்குனேன். பாத்தா அவளே கேக்கா. அத்தன பேரு முன்னால அவ பேசி நான் கேட்டதே இல்ல. இன்னொரு வாட்டி கேப்போம்னு தூக்குனேன். பெறவு இன்னொரு வாட்டி."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"கோவம் வந்துட்டு அவளுக்கு. குரலுலயே தெரிஞ்சுட்டு. அம்மைட்ட சொல்லிராத."

அவர் இருந்தவரை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போனபின் அம்மாவிடம் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா அந்த மனுசன்? இன்னும் ரெண்டு வாட்டி கேட்டிருப்பேனே."