ஒன்பது மர மணியும் ஒரு கல்மணியும்

யுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணியில் போய்வந்துகொண்டிருந்தார். அண்டை வீட்டார் கேட்டதையெல்லாம் வாங்கிவருவார். எனக்கு ஒருமுறை கல் கொண்டுவந்தார். சீமைக் கப்பல்கள் எந்தக் காலத்திலோ ஆட்டம் காணாமலிருக்க அடிப்பாரமாக ஏற்றிவந்து துறைமுகத்தில் கொட்டியதாம். அதில் பொத்தான் போலச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நட்சத்திரத் துளை. உதிர்ந்தவற்றை டப்பாவில் போட்டு வைத்தேன். திட்டிக்கொண்டேதான் வைத்தேன்.

எங்கள் புன்னைக்காயல் வீட்டில், தோணி கிளம்பினால் அது திரும்பும்வரை நான் தினமும் செபமாலை சொல்வேன். அந்தத் தடவை அவர் போன அன்று செபமாலையை எடுத்துப் பார்த்தால், பத்துப் பத்தாகக் கோத்ததில் கடைசிப் பத்தில் ஒன்பது மர மணிகளே இருந்தன. வீடு முழுக்கப் பெருக்கித் தேடினேன். கிடைக்கவில்லை. மணிக்கு ஒன்றாகச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தில் ஒன்று குறைந்து அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், டப்பாவிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துக் கோத்துவிட்டேன்.

வரவேண்டிய நாள் தாண்டிப் பத்து நாளாகியும் தோணி வரவில்லை. சாயர்புரத்தில் வாத்தியாராக இருந்த என் அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தார். மாலையை வாங்கிப் பார்த்தார்.

"ஏளா, இது மணியில்ல. கடலுக்கடியில தண்டு ஊனி, பூ மாதிரி விரிஞ்சு நின்ன ஒரு உயிரு. நட்சத்திர மீனுக்கு ஒறவு. இது அந்தத் தண்டுல ஒரு கண்ணி. இந்த வகை பூண்டோட அழிஞ்சு போச்சு, இப்ப எந்தக் கடல்லயும் கெடையாது."

ஆறுதல் சொல்ல வந்த லட்சணம் அது. பூண்டோடு அழிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டா புருஷன் உயிரோடு வர வேண்டும் என்று கேட்டேன்? கழற்றவும் கை வரவில்லை. கழற்றினால் மறுபடியும் ஒன்பது. கல்மணி வரும்போது மட்டும், ஒன்று செல்லாமல் போனாலும் இன்னொன்று சேரட்டும் என்று, கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தை இரண்டு தரம் சொன்னேன்.

அண்ணன் வந்துபோன நான்காம் நாள் வீட்டுக்காரர் வந்துசேர்ந்தார். பாய்மரம் முறிந்து மன்னாரில் ஒதுங்கிக் கிடந்தார்களாம். துவைக்க வாங்கிய சட்டைப் பையில் என் மர மணி இருந்தது.

"நீங்களா எடுத்தீங்க?"

"நீ தெனமும் தொடுததுல ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்னு எடுத்தேன். கேட்டா தரமாட்டேல்லா."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இருந்த காலம் அது. இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் மணியை நீட்டினார். "அது உங்ககிட்டயே கெடக்கட்டும்" என்றேன்.

அதன்பின் எங்கே போனாலும் அது அவர் பையில் போனது. அடக்கம் பண்ணும்போதும் நான்தான் அதை அவர் சட்டைப் பையில் வைத்தேன். என் மாலையில் கல்மணிதான் இன்னும் பத்தாவதாக இருக்கிறது. அந்த இடம் வந்தால் இப்போதும் இரண்டு தரம் சொல்கிறேன்.