அவள் கேட்டதும் வந்த தகரம்

பதுளையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு மூலைதான் எங்கள் வகுப்பு. மழை பெய்தால் கூரை ஒழுகும். தொட்டில்களை இழுப்பதா, புத்தகங்களை எடுப்பதா என்று தவிப்போம்.

விடுதியில் என் அறைத்தோழி சிங்களப் பெண். எங்கள் பிள்ளைகளிடம் தமிழ் பழகலாம், பதிலுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவளும் என்னோடு வரத் தொடங்கினாள். பிள்ளைகள் அவளை விடவே மாட்டார்கள்.

கூரைக்காக அம்மாவும் மற்றப் பெண்களும் தோட்ட ஆபீசுக்கு நடையாக நடந்திருந்தார்கள். நானும் போய் நல்ல சிங்களத்திலேயே பேசினேன். "பாக்கலாம்" என்பதுதான் பதில். ஒருநாள் தோழி துணைக்கு வந்தாள். கிளார்க் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். நான் முன்பு சொன்னதையே அவளும் சொன்னாள். அடுத்த வாரம் புதுத் தகரம் வந்துவிட்டது.

"தங்கமான புள்ள. வாராவாரம் கூட்டிக்கிட்டு வாம்மா" என்றாள் அம்மா. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அம்மா சுட்டுத் தந்த ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தோழி அழுதாள். "நீயும் இதத்தானே கேட்ட? எனக்கு மட்டும் ஏன் நாற்காலி?" என்று சிங்களத்தில் கேட்டாள். "இனி படிப்பிக்க மட்டும் வாறேன். ஆபீசுக்கு வரமாட்டேன். நீங்க கேட்டே கிடைக்கணும்."

பல்கலைக்கழகக் கூட்டங்களில் நான் பேசுகிற நியாயமும் அதுதான். சரி என்றேன்.

அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க நியாயம் மழைய நிறுத்துமா? ஒதவ வர்ற புள்ளைய ஏன்டி தடுக்குற?"

அதுவும் சரியாகத்தான் பட்டது.

போன மாதம் எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. ஆபீசில் மறுபடியும் "பாக்கலாம்". சனிக்கிழமை பெண்கள் என்னை விட்டுவிட்டு நேரே தோழியிடமே போய் ஆபீசுக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. குனிந்து ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்துவதுபோல் இருந்தேன். அவள் போனாள்.

இரண்டு நாளில் தண்ணீர் வந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தோழியிடம் சொன்னேன்.

"நல்லம்" என்றாள் தமிழில்.

பிறகு மடித்து முடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.