ஏழாவது பெயர்

ஓய்வுபெற்ற நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சிறிய தனியார் பள்ளியின் அலுவலகத்தில் உதவி செய்கிறேன். பொதுக் கல்விச்சபை தன் பேச்சுப் பயிற்சியாளரைப் பேச்சுத் தடங்கல் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புவது பற்றிக் கலந்துபேச ஒரு தமிழ் அதிகாரி வந்தார். பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டார். மூன்று தரம் எண்ணிப் பார்த்து, ஆறு பெயர்களை நீட்டினேன்.

எங்கள் பள்ளி அதிபர் அதை வாங்கி வாசித்தார்.

"அங்கிள், உங்கட பேத்தியின்ர பேரைக் காணேல்லையே?"

இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் திக்கித் திக்கித்தான் பேசுவாள்.

"எழுதினால் சனம் என்ன சொல்லும், பிள்ளை?" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "உந்தச் சனமே வந்து அவளுக்குப் பயிற்சி குடுக்கப்போகுது, அங்கிள்? பட்டியலில பேர் இல்லாட்டி அவளுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்."

பட்டியலையும் பேனையையும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். ஏழாவதாக அவள் பெயரை எழுதினேன்.

அன்று மாலை பேத்தி ஏதோ சொல்லத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நின்றாள். வழக்கமாக மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். அன்று பேசாமல் இருந்தேன். முழுவதையும் சொல்லி முடித்தபின் அவள் என்னை வியப்போடு பார்த்தாள்.

"அப்... அப்பப்பா, இண்டைக்கு நீங்கள் குறுக்கால கதைக்கேல்லை!"

அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். என் மானத்துக்காகத்தான் பயந்திருக்கிறேன்.