காலியாக விட்ட கட்டம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இன்னொருதரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தேழு வருடமாக அலைவரிசைக் கண்காணிப்புப் பிரிவில் அளவெடுக்கிற வேலை. கூரையில் ஆன்டெனா வைத்த வெள்ளை வேனில் ஊர் ஊராகப் போவார். யாருடைய அலை யாருடைய பாதையில் குறுக்கே விழுகிறது என்று பார்ப்பார். ஒரு தடவை அளந்ததை எழுதவே மாட்டார். "இன்னொருதரம் பாத்துடுவோம்" என்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, டிரைவர் பசியில் முனகினாலும் சரி, இன்னொருதரம்தான். கேலியாக ஆரம்பித்த பெயர், போகப்போக மரியாதையாகிவிட்டது. அவர் கையெழுத்துப் போட்ட தாளை எந்தக் கம்பெனி வக்கீலும் நோண்டியதில்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. சகலை.

அதாவது, மனைவியின் தங்கை புருஷன். அதே அலுவலகம். இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வேனில் இரண்டு வருடம் முட்டி இடிக்க உட்கார்ந்து சுற்றியவர்கள். "பையன் தங்கம்" என்று மாமனாரிடம் சொல்லிச் சம்பந்தம் பேசி முடித்ததே நம்மவர்தான். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்வார். கல்யாணமான மறு வருடமே துறைத் தேர்வு வந்தது. சகலை தேறி, மாடியில் இருக்கும் திட்டப் பிரிவுக்குப் போய்விட்டார். இவர் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்டு வேனிலேயே தங்கிவிட்டார்.

அதற்கப்புறம் சகலைக்கு என்ன நடந்தாலும் இவருக்கு வயிறு எரிந்தது. சகலைக்கு ஜன்னலோரம் மேசை. சகலைக்கு ஐம்பதிலும் நரைக்காத தலை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் சகலை ஆளுக்கொரு காந்தப் பொம்மை வாங்கிவருவார். இவர் மனைவி அதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால்கூட ஒன்பது நாடுகளைத் தாண்டித்தான் எடுக்கவேண்டும். மாமனாரோ நிலம் வாங்குவதிலிருந்து முழங்கால் வலி வரைக்கும் சின்ன மாப்பிள்ளையிடம்தான் யோசனை கேட்பார். பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடுவது டிவி தெரியாவிட்டால் மட்டும்தான்.

போன வருடம் அதுவும் நடந்தது. சகலை தொலைக்காட்சியில் பேட்டி கொடுக்கப்போகிறார் என்று தெரிந்து மாமனார் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். டிவியில் படம் விட்டுவிட்டு வந்தது.

"மாப்ளே, மொட்டமாடியில டிஷ் தட்டு நகர்ந்திருக்கும்போல. கொஞ்சம் பாருங்களேன், அவரு பேசப்போறாரு" என்றார் மாமனார்.

அவர் ஏறினார். தட்டு லேசாகத்தான் நகர்ந்திருந்தது. ஒரு நிமிட வேலை. நட்டைத் தளர்த்தி, தட்டைப் பிடித்து, சரியான இடத்துக்குத் திருப்பவேண்டிய கை, ஒரு விரல்கடை எதிர்ப்பக்கம் திருப்பியது. கீழே சகலையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. "மேகம் ஜாஸ்தியா இருக்கு மாமா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இந்த வருடம் சகலை ஒரு பெரிய திட்டம் எழுதினார். மூன்று வருட உழைப்பு. செயற்கைக்கோள் கம்பெனிகள் தங்களுக்கே தங்களுக்கென்று வைத்திருந்த ஓர் அலைவரிசையைச் செல்போன் கோபுரங்களும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். கேட்க எளிது. ஆனால் வானத்தில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிற அலை, தரைக்கு வந்து சேரும்போது முனகலாகத்தான் இருக்கும். அதைப் பிடிக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பெரிய தட்டுக்குப் பக்கத்தில், ஒரு கோபுரம் அதே அலைவரிசையில் கத்தினால் முனகல் எங்கே கேட்கும்? அதனால் சகலை கணக்குப் போட்டு ஒரு வட்டம் வரைந்திருந்தார். தட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் கோபுரம் கூடாது. அதற்கு வெளியே வைக்கலாம், சக்தியைக் குறைத்து, முகத்தைத் தட்டுப் பக்கம் காட்டாமல். அப்படிச் செய்தால், இன்டர்நெட் எட்டிப்பார்க்காத நூற்றுக்கணக்கான ஊர்களுக்கும் அது போய்ச் சேரும்.

செயற்கைக்கோள் கம்பெனி ஒரேயடியாக எதிர்த்தது. சரி, ஒரு கோபுரத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்போம், தட்டில் இரைச்சல் விழுகிறதா என்று அளப்போம் என்றார் துறைத் தலைவர் அம்மாள். விழுந்தால் திட்டம் குப்பைக்கு. யார் அளப்பது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருதரம் இருக்கும்போது வேறு யார்?

சோதனை நாளுக்கு முந்தின நாள் மழை. தட்டு இருந்த வளாகத்தில் சேறு. வேனை வெளியே ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். அங்கிருந்து சோதனைக் கோபுரம் நேருக்கு நேராகத் தெரிந்தது. கருவியைப் போட்டார். கோபுரத்தை இயக்கச் சொன்னார். திரையில் செயற்கைக்கோளின் அலை வரவேண்டிய இடத்தில், பச்சைக் கோட்டின் நடுவே, ஒரு சின்ன மேடு எழும்பியது. கோபுரத்தை அணைக்கச் சொன்னார். மேடு போய்விட்டது. மறுபடி இயக்கினார்கள். மறுபடி மேடு.

அவர் திரையோடு ஒட்டிக்கொண்டு குனிந்தார். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். மூன்று வருட உழைப்பு, ஜன்னலோர மேசை, ஒன்பது காந்தப் பொம்மை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன மேடு.

அவர் சட்டைப் பையில் எப்போதும் கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். அட்டெனுவேட்டர். அதை ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவே மாட்டினால் உள்ளே வருகிற அலை பத்து டெசிபல் குறையும். இரைச்சல் நிஜமாக வெளியிலிருந்து வந்தால் திரையிலும் பத்துதான் குறையும். பலமான அலை தாங்காமல் கருவி தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட போலி இரைச்சலாக இருந்தால், முப்பது குறைந்து காணாமலே போய்விடும். கோளாறு வெளியிலா, நம் பெட்டிக்குள்ளா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகப் படிவத்தில் இதற்கு இடமே கிடையாது. ஆனால் அவர் ஒவ்வொரு தாளிலும் ஸ்கேல் வைத்து இரண்டாவதாக ஒரு கட்டம் போட்டு, அதை மாட்டி எடுத்த அளவையும் எழுதுவார். இருபத்தேழு வருடப் பழக்கம்.

அன்றைக்கும் காலையிலேயே கட்டம் போட்டு வைத்திருந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. பித்தளை விரலில் பட்டது. கையை வெளியே எடுத்துவிட்டார்.

"இன்னொருதரம் பாக்கலையா சார்?" என்று டிரைவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

"எல்லாம் தெரியுது. கிளம்புங்க."

இரண்டாவது கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. இடது பக்கம் செயற்கைக்கோள் கம்பெனி, வலது பக்கம் செல்போன் கம்பெனி, நடுவில் தலைவர் அம்மாள், அவருக்குப் பக்கத்தில் சகலை. இன்னொருதரத்தின் அளவுத் தாள் கைக்குக் கை போனது. செயற்கைக்கோள் வக்கீல் அதைப் படிக்கும்போது குரலில் தேன் ஒழுகியது. செல்போன் கம்பெனிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

தாள் கடைசியாகச் சகலை கைக்கு வந்தது. இன்னொருதரம் பின்வரிசையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். இந்த ஒரு காட்சிக்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தார். சகலை மேலிருந்து கீழாகப் படித்தார். தாளின் ஓரத்துக்கு வந்ததும் அவர் கண் நின்றது. ஸ்கேல் வைத்துப் போட்ட அந்தக் கட்டம் என்ன என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வேனில் முட்டி இடிக்க உட்கார்ந்த இரண்டு பேர்.

"இந்த அளவைப் பத்தி உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார் தலைவர் அம்மாள்.

சகலை நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து வைத்தார்.

"இல்லைங்க மேடம். அவர் அளந்தது. என் கணக்குலதான் எங்கேயோ தப்பு இருக்கணும்."

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று சொல்லிக் கலைந்தார்கள். ஜெயித்தாயிற்று. ஆனால் இன்னொருதரத்துக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. நேரே கை கழுவும் இடத்துக்குப் போனார். சகலை அங்கே தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் கேக்கல?"

"எதை அண்ணா?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. ரெண்டாவது கட்டம்."

சகலை குழாயை மூடினார். "கேட்டிருந்தா என்ன ஆகும்? செல்போன் வக்கீல் பிடிச்சுக்குவாரு. இந்த மனுஷன் இதுவரைக்கும் அளந்த தாளையெல்லாம் கொண்டாங்க, ஒவ்வொண்ணா பாக்கலாம்னுவாரு. திட்டம் போனா போகுது, அடுத்த வருஷம் வேற எழுதிக்கலாம். உங்க பேரு போனா?" கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழை பெஞ்சு ஒரே சேறு. ஏதோ அவசரத்துல மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் மறந்து பாத்திருக்கீங்களா?"

சகலை கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொருதரம் அங்கேயே நின்றார். உண்மையைச் சொன்னால், அப்போதுகூட அவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமைதான். தேர்வில் முந்தினான், மேசையில் முந்தினான், மாமனாரிடம் முந்தினான், இப்போது நல்லவனாக இருப்பதிலும் முந்திக்கொண்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. வெட்கம் அதற்குப் பின்னால்தான் மெல்ல வந்தது. ஆனால் வந்ததும் போகவில்லை.

மண்டபம் மறுபடி கூடியதும் அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து நேரே முன்னால் போனார்.

"மேடம், இன்னொருதரம் அளக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெயரை அவரே சொன்னால் சிரிப்பு வராதா? தலைவர் அம்மாளுக்கே உதட்டோரம் துடித்தது. அவரோ சிரிக்காமல் தன் சட்டைப் பையிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை மாட்டி அளந்திருக்கணும். மாட்டல. மறக்கல மேடம், வேணும்னுதான் விட்டேன்."

சிரிப்பு நின்றது. சகலை மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் இரண்டு கம்பெனி ஆட்களும் கூடவே நிற்க, அதே மேட்டில் அதே வேனை நிறுத்தி அளந்தார்கள். அட்டெனுவேட்டரை மாட்டியதும் திரையில் மேடு இருந்த இடம் தெரியவில்லை. இரைச்சல் அவர் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது. பிறகு தட்டின் காலடியிலும் அளந்தார்கள். பச்சைக் கோடு ஆடவில்லை. திட்டம் நிறைவேறியது. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வேனிலிருந்து இறக்கி, கோப்பு அறையில் உட்காரவைத்தார்கள். அவர் பழைய தாள்களையெல்லாம் கட்டுக்கட்டாக எடுத்துப் புரட்டினார்கள். ஒரு தாளிலும் இரண்டாவது கட்டம் காலியாக இல்லை. அது மட்டும்தான் மிச்சம்.

திட்டத்தைப் பற்றிப் பேசச் சகலையை மறுபடி தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். மாமனார் வீட்டில் மறுபடி கூட்டம். போன வருடமே சரிசெய்துவிட்ட தட்டு மறுபடி நகர்ந்திருக்கும்போல, படம் விட்டுவிட்டு வந்தது.

"மாப்ளே" என்று இழுத்தார் மாமனார்.

அவர் மொட்டைமாடிக்கு ஏறினார். நட்டைத் தளர்த்தினார். வயிறு எரியத்தான் செய்தது. அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. தட்டைப் பிடித்து, போன வருடம் திருப்பாமல் விட்ட பக்கம் ஒரு விரல்கடை திருப்பினார். கீழே கூச்சல் அடங்கி, சகலையின் குரல் தெளிவாகக் கேட்டது.

படிக்கட்டின் உச்சியில் மனைவி வந்து நின்றாள்.

"படம் வந்துடுச்சா?" என்றார்.

"நல்லா வருது. ஏங்க, போன வருஷம் ஒரு மேகம் வந்துச்சே, அது இன்னைக்கு வரலையா?"

அவர் நட்டிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருந்துச்சு. துணி காயப்போட்டுட்டு இறங்கினவளே நான்தான்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எல்லாரும் உக்காந்திருந்தாங்களே, அவங்க முன்னாடியா சொல்றது?" என்றாள். "சீக்கிரம் வாங்க, உங்க சகலை உங்களைப் பத்திதான் ஏதோ சொல்றாரு."

அவள் இறங்கிப் போனாள். அவர் நட்டை இறுக்கினார். நாலு படி இறங்கியவர் திரும்பி ஏறிவந்து, இன்னொருதரம் இறுக்கினார்.