பின்னால் எரிந்த விளக்குகள்

ஒயர் தீய்ந்த வாடை இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் நின்ற லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, எலக்ட்ரீஷியன் பாபு அண்ணன் அதன் பின்பக்கத்தில் இரண்டு வெள்ளை விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். அந்த லாரியில் என் அப்பா 'கிளீனர்'. முதலாளி தாமே ஓட்டுவார்; வண்டி பின்னால் வரும்போதெல்லாம் அப்பா அதன் பின்னே நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பார்.

விளக்கு வேண்டுமென்று அப்பா பல மாதம் கெஞ்சினார். "தறிச் சத்தத்துலயே பேசிப் பழகுனவன் நீ, உன் தொண்ட போதாதா?" என்று சிரித்தே தட்டிக்கழித்த முதலாளி, ஒருநாள் அரிசி மில் சுவரில் இடித்து லாரிக்கு அடிபட்டதும் உடனே சம்மதித்தார். ரிவர்ஸ் கியர் போட்டதும் விளக்குகள் தாமாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் அப்பா முழுசாகத் தெரிந்தபோது எனக்கு அப்படியொரு நிம்மதி.

ஆயுத பூசைக்கு லாரியின் முகப்பில் 'சீரியல் லைட்டு' மின்ன வேண்டுமென்று முதலாளிக்கு ஆசை வந்தது. பின்விளக்கு லைனிலேயே அதையும் கொடுத்ததால், ரிவர்ஸ் போட்டால் பியூஸ் போனது.

"ஒரே பியூஸ் தாங்காது மொதலாளி, போய்க்கினேதான் இருக்கும். தனி லைன் இழுக்கணும், நாளைக்கி வரேன்" என்றார் பாபு அண்ணன்.

"பூசைக்கு நேரமாவுதுபா. பின்னாடி ஒயர அவுத்துவுட்டுடு. அத யாரு பாக்கப்போறாங்க?"

முகப்பு கல்யாண மண்டபம்போல் ஜொலிக்க, திருஷ்டிக்குப் பூசணிக்காயும் உடைத்தார்கள். பூசை முடிந்தும் அவிழ்த்த ஒயரை யாரும் திரும்ப மாட்டவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம் "பாத்துக்கலாம்" என்பதே பதில். மழை பிடித்திருந்த ஒரு விடியற்காலையில், அதே மில் வாசலில், கத்திக்கொண்டே பின்வாங்கிய அப்பா சேற்றில் வழுக்கி விழ, சக்கரம் அவருடைய வலது காலில் ஏறியது.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த முதலாளி, "இன்னும் கொஞ்சம் சத்தமா கத்தியிருக்கலாமேபா" என்றார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது ரிவர்ஸ் எடுக்கிற எந்த லாரிக்கும் பின்னால் விளக்கு எரிகிறது, வண்டியே 'பீப் பீப்' என்று கத்தவும் செய்கிறது. "வரலாம், வரலாம்" என்ற குரலைத்தான் எங்கள் தெருவில் காணோம். அந்த 'பீப்' சத்தம் கேட்டால் போதும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா, மிச்சமிருக்கிற ஒற்றைக் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறார்.